படத்தில் ஒட்டிய ஏழு ஸ்டிக்கர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஷெட்டின் கதவைத் திறந்ததும் முதலில் வருவது மெஷின் ஆயில் வாசனை. நிட்டிங் மெஷின்களை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய் இரண்டு வருடமாகியும் தரை அந்த எண்ணெயை விடவில்லை. சுவரில் கை வைத்தால் பஞ்சு ஒட்டும். அதற்கு மேல் நாங்கள் கரைக்கும் போஸ்டர் கலர் வாசனை...

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலம்பாளையத்தில் எங்களுக்கு இருந்த கலை மன்றம் அதுதான். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. கட்டிங் மாஸ்டர் துரைசாமி அண்ணன்தான் முதலாளியிடம் கேட்டுச் சாவி வாங்கி வைத்திருந்தார். ஆசிரியர் என்று தனியாக யாரும் இல்லை. எல்லோருமே பனியன் கம்பெனி ஆட்கள். ஒருவர் ஆர்மோனியம் சொல்லித் தருவார், ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்க, நான் படம் வரைய.

அண்ணன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று. புதிதாக யார் வந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுவார்.

"இங்க ஒண்ணு கத்துக்கோணும்னா ஒண்ணு சொல்லிக் குடுக்கோணுமுங்க. ஒண்ணுமே தெரியாதுன்னு மட்டும் சொல்லப்படாதுங்க."

அப்படித்தான் சரசு அக்கா வந்தார். சாத்தூர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். நான் செக்கிங் பார்த்த அதே கம்பெனியில் அவர் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். நாற்பதை நெருங்கிய வயது, பள்ளிக்கூடம் போனதே இல்லை.

"எனக்குக் கும்மி தெரியும்ணே. படம் வரையச் சொல்லித் தாரீகளா?" என்று துரைசாமி அண்ணனிடம் கேட்டார்.

ஆக, காலையில் நான் அவருக்கு டீச்சர். மதியம் அவர் எனக்கு.

கும்மியில் என்னைப் போல ஒரு மண்டு அந்த ஷெட்டில் கிடையாது. எல்லோரும் வலது பக்கம் திரும்பினால் நான் இடது பக்கம் திரும்பி யார் மீதாவது மோதுவேன். சரசு அக்கா ஒரு நாளும் சிரித்ததில்லை. தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "வரும் தாயி, கால் தானா வரும்" என்பார். மூன்று திருப்பம் வரைக்கும் வந்துவிட்டேன். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.

இப்போது என் லட்சணத்தைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கம்பெனியில் என் கண்ணுக்கு ஏக மரியாதை. துணியில் ஊசிமுனை ஓட்டையோ, விட்டுப்போன தையலோ தெரிந்தால் போதும்... அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை உரித்து அந்த இடத்தைக் காட்டி ஒட்டிவிடுவேன். அந்தப் பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும். சரசு அக்காவின் பீஸ்களும் அப்படிப் போனதுண்டு. அது வேலை, அதில் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஸ்டிக்கர் ரோலைப் பையில் போட்டுக்கொண்டு போனேனே, அதைத்தான் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலை ஒட்டி, எல்லோரும் கற்றுக்கொண்டதைக் காட்டும் நாள் ஒன்று வைப்போம். சரசு அக்கா மூன்று மாதமாக ஒரே படத்தை வரைந்துகொண்டிருந்தார். ஓவர்லாக் மெஷின், அதன் முன்னால் அவர், பக்கத்தில் யூனிஃபார்ம் போட்ட மகள். மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"எம் மகளக் கூட்டியாரேன் டீச்சர். அவ பாக்கணும், எனக்கும் ஒண்ணு வரும்னு" என்று வாராவாரம் சொல்வார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் காட்டும் நாளன்று காலை நான்தான் முதலில் போய்ப் படங்களை மாட்டினேன். அக்காவின் படத்தில் ஒரு கை இன்னொன்றைவிட நீளம். மெஷின் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என் கை சும்மா இருக்குமா? அக்கா வந்ததும் திருத்தச் சொல்லலாம், பிறகு உரித்துவிடலாம் என்று நினைத்து ஸ்டிக்கரை ஒட்டினேன். மொத்தம் ஏழு இடம். அதற்குள் பெஞ்சைத் தூக்க அண்ணன் கூப்பிட்டார், போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது படத்தின் முன்னால் கூட்டம். எல்லாம் எங்கள் கம்பெனிக்காரர்கள். அம்பு ஸ்டிக்கர் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சரசு அக்கா, மகளின் கையைப் பிடித்தபடி...

"எம்மா, உன் படம் டேமேஜாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அக்கா ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்தார். கூடவே கலரும் கொஞ்சம் காகிதமும் பிய்ந்து வந்தன. உரித்ததை, கம்பெனியில் நாங்கள் செய்வது போலவே, மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டினார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"ஆறு நாளும் இதத்தான பாக்கேன் டீச்சர். இங்கனயுமா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு மகளோடு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. "ஏனுங்க அம்மிணி, போயி ஒரு வார்த்த சொல்லீட்டு வந்துரலாமுங்களே?" என்றார் துரைசாமி அண்ணன். "சொல்றேனுங்கண்ணா" என்றேன். சொல்லவில்லை.

கம்பெனியில் என் மேசையிலிருந்து அவர் மெஷின் பத்து எட்டுத் தூரம் இருக்காது. ஒரு வருடம் தினமும் பார்த்தேன். நானா போய் மன்னிப்புக் கேட்பது என்று முதலில் வீறாப்பு. இத்தனை நாள் கழித்து எப்படிக் கேட்பது என்று பிறகு கூச்சம். அவர் பீஸில் தப்பு வந்தால் மட்டும் தவறாமல் ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒரு நாள் அந்த மெஷினில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். நினைத்தால் இன்றைக்கும் முகம் சுடுகிறது.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது ஒரு குடோன். எதைக் கற்றுக்கொள்ளவும் போன் போதும், சாவிக்காக யாரும் காத்திருப்பதில்லை. நானும் எப்போதாவது ஒரு படம் வரைந்து இங்கே, இந்த இணையப் பக்கத்தில் போடுகிறேன். எல்லோரும் "சூப்பர்" என்கிறீர்கள். கை நீளமாக இருப்பது எனக்குத் தெரியும்... உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

போன பொங்கலுக்கு எங்கள் காலனியில் பெண்கள் கும்மி அடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என்னையும் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். மூன்று திருப்பம் சரியாக வந்தது. அப்புறம் விலகி நின்றுகொண்டேன்.

"ஏனுங்க்கா, நல்லாத்தான அடிச்சீங்க? பாதியில நின்னுட்டீங்க?"

"அவ்வளவுதான் கண்ணு கத்துக்கிட்டேன்" என்றேன்.