தங்கூசி கட்டிய கை

கொழும்பில் என் தங்கச்சி மேரிஜோசப்பின் வேலை செய்கிற கந்தோரில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவள், காது கேட்காதவள், பின்னால் வந்து யாராவது தோளில் தட்டினால் துள்ளி எழும்பி வாசலைப் பார்க்கிறவள். ஊரிலிருந்து வந்து லொட்ஜுகளில் தங்கியிருக்கிற பிள்ளைகள் அவளைத் தேடி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். எந்தக் கோர்ஸ் நல்லது, எங்கே சேர்ந்தால் வேலை கிடைக்கும் என்று தாளில் எழுதிக் கேட்பார்கள். அவள் சிரித்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டிவிடுவாள். "எங்கடை வீட்டிலை கோர்ஸ் தெரிஞ்செடுத்த கதையை அக்காவைக் கேளுங்கோ." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் என்னிடம் கேட்கக் கூடாது.

எங்கள் ஊர் ஊர்காவற்றுறை. அப்பா இராயப்பு இளவயதில் சங்கு குளித்தவர். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அவர் இறங்கினால், வள்ளத்தில் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் அம்மாவின் தம்பி பஸ்ரியாம்பிள்ளை மாமா. எங்கள் ஆட்கள் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நம்புவார்கள். அக்கா தாலியறுக்கக் கூடாதென்ற பயம் அவனுக்குத்தானே இருக்கும். ஒரு இழுப்பு என்றால் 'இருக்கிறேன்'. இரண்டு இழுப்பு என்றால் 'உடனே ஏறு'. ஆள் ஏறி முடியும்வரை கயிற்றை விடக்கூடாது, கை அறுந்தாலும் விடக்கூடாது.

பிறகு சங்கை விட்டு இருவரும் எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் வலைத்தொழிலுக்குப் போனார்கள். அப்பாவுக்கு எஞ்சின் பைத்தியம். கரையில் இருந்துகொண்டே, வருகிறது யாருடைய வள்ளம், அதில் எந்த நட்டுக் கழன்றிருக்கிறது என்று சொல்லுவார். அந்தக் காதைப் பற்றி அவருக்கு ஒரு திமிரும் இருந்தது. இருக்கத்தானே செய்யும்.

எண்பத்தாறில் ஒரு விடியற்காலை அனலைதீவுக்கு மேற்கே இருவரும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையை நிமிர்த்தினார்.

"மச்சான், உது எங்கடையாக்களின்ரை எஞ்சின் இல்லை. வலையை வெட்டு."

மாமாவுக்கு மனம் வரவில்லை. வலை கனத்திருந்தது. "கொஞ்சம் பொறுங்கோ அத்தான்" என்றார். அந்தக் கொஞ்சத்துக்குள் நேவியின் ரோந்துப் படகு சுட்டுக்கொண்டு வந்துவிட்டது. மாமாவின் தாடையைக் காணவில்லை. கழுத்தில் இன்னொரு வெடி. அப்பா ஒரு கையால் அவருடைய கழுத்தைப் பொத்திக்கொண்டு மற்றக் கையால் எஞ்சினைப் பிடித்துக் கரைக்கு வந்தார். பொத்திய கையை எடுக்கச் சொன்னபோது எடுக்கமாட்டேன் என்று நின்றார். மூன்று பேர் சேர்ந்துதான் பிரித்தார்கள்.

வள்ளத்தை நானும் ஜோசப்பினும் கழுவினோம். பலகை இடுக்கில் இறங்கிய இரத்தம் கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அப்போது பதினைந்து வயது. வாளியை எறிந்துவிட்டுக் கடலுக்குக் கல்லால் எறிந்தாள், தூஷணத்தால் ஏசினாள். அம்மா அந்தோனியம்மா வந்து அவளுடைய வாயில் அடித்தா.

அன்று பின்னேரம் அப்பா சொன்னார், "இவள் படிக்கட்டும். கடல்காத்துப் படாத வேலை. துவக்கோடை ஒருத்தன் வந்து நிக்கேலாத அறைக்குள்ளை இருந்து செய்யிற வேலை. அதுக்குப் பிறகு நான் செத்தாலும் பறவாயில்லை."

ஜோசப்பின் கணக்கில் கெட்டிக்காரி. கம்பசுக்குப் போகப் புள்ளி போதாமல் போனதும், பேப்பரில் பார்த்துவிட்டு, கொம்பியூட்டர் படிக்கப் போகிறேன் என்று நின்றாள். அது தொண்ணூறாம் ஆண்டுத் தொடக்கம். சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. நான் கலியாணம் முடித்து ஆனைக்கோட்டையில் இருந்தேன். என் வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்று பேச்சு. எங்கே படிப்பது என்று பார்க்க அப்பாவும் அவளும் நானும் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போனோம்.

முதல் இடம் மாடிக் கட்டடம். கழுத்தில் ரை கட்டிய முதலாளி. கண்ணாடி அறைக்குள் கொம்பியூட்டர்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகள் தட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதம் அடிக்கிறது, கணக்குப் பதிகிறது எல்லாம் பழக்கித் தருவோம் என்றார் முதலாளி. அப்பா அவருடைய முகத்தையும் பார்க்கவில்லை, கொம்பியூட்டரையும் பார்க்கவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த நாளிலும் கறன்ட் வரும் போகும், அதற்காக ஜெனறேற்றர் வைத்திருந்தார்கள். அப்பா அதன் முதுகில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டாவது இடம் தியாகலிங்கம் மாஸ்ரருடைய வீட்டுக் கார்க் கொட்டில். கார் இல்லை, பிள்ளைகள் இருந்து எழுத வாங்குகள் போட்டிருந்தார். ஒரேயொரு கொம்பியூட்டர், அதுவும் சீலையால் மூடிக் கிடந்தது. பிள்ளைகள் எல்லோரும் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"புரோகிராமைத் தாளிலை எழுதி, தாளிலையே ஓட்டிப் பாக்கவேணும். எங்கை பிழைக்குதெண்டு தன்ரை மூளையாலை பிடிச்சவைக்குத்தான் மெசினிலை கைவைக்க விடுவன்" என்றார் மாஸ்ரர். ஒரு வருஷப் படிப்பு.

ஜோசப்பினுக்கு அந்த வாங்கை விட்டு எழும்ப மனமில்லை. "அப்பா, இதுதான் படிப்பு. மற்றது வெறும் தட்டுறது."

"கொம்பியூட்டர் படிக்கப் போய்க் கொப்பி எழுதுறதோ? நாளைக்குச் சண்டை துவங்கிக் கறன்ட் நிண்டால் இந்த மனிசன் என்ன செய்வார்? அங்கை நிக்கிறது யப்பான் எஞ்சின், பிள்ளை. பத்து வருஷத்துக்கு மூச்சு நிக்காது. இடத்தை எஞ்சினை வைச்சுத்தான் பாக்கவேணும்."

கடலுக்குப் போகிறவன் எஞ்சினைக் கேட்டு வள்ளம் வாங்குவான். அப்பா அப்படியே கோர்ஸ் வாங்கினார். ஜோசப்பினை அந்த மாடிக் கட்டடத்தில் சேர்த்தோம். அவர் சொன்னது முழுக்கச் சரியாகவும் நடந்தது, அதுதான் என் வயிற்றெரிச்சல். ஆனி மாதம் சண்டை துவங்கியது, கறன்ட் நின்றது. ஆவணியில் தீவுகளுக்குள் ஆமி இறங்க, அப்பாவும் அம்மாவும் உடுத்த துணியோடு வள்ளத்தில் அராலிக்கு வந்து என் வீட்டில் ஏறினார்கள். யாழ்ப்பாணம் முழுக்க இருட்டு. அந்த மாடிக் கட்டடத்தில் மட்டும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு எஞ்சின் ஓடியது. அப்பா சைக்கிளில் போய் ஒழுங்கையில் நின்று கேட்டுவிட்டு வருவார். "பாத்தியளோ, மூச்சு நிக்கேல்லை" என்று எங்களிடம் பெருமை அடிப்பார்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, ஜோசப்பின் வகுப்பில் இருந்த நேரம், குண்டு போடுகிற பொம்பர் வந்தது. பதுங்குவதற்கு முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் இருந்தே ரவுண் பக்கம் புகை எழும்பியதைக் கண்டோம். அப்பா சைக்கிளை மிதித்த மிதியில் நான் பின்னால் ஓடியும் பிடிக்க ஏலவில்லை. என்னை ஒரு லொறிக்காரன் ஏற்றிக்கொண்டு போனான்.

கண்ணாடி அறை முழுக்கச் சரிந்து கிடந்தது. ஒரு பிள்ளையின் பின்னல் மட்டும் கொங்கிறீற்றுக்கு வெளியே கிடந்தது. இன்னொருவனின் கையில் விசைப்பலகையின் வயர் சுற்றியிருந்தது, கை மட்டும்தான் இருந்தது. புழுதி, இரத்தம், யாரோ "தண்ணி, தண்ணி" என்ற சத்தம். பின்னால் அந்த எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கீறலும் இல்லை.

அப்பா வெறுங்கையால் கல்லை இழுத்தார். நகங்கள் பிய்ந்தன. ஜோசப்பினை ஒரு மேசைக்குக் கீழே இருந்து எடுத்தோம். இரண்டு காதாலும் இரத்தம் ஓடியது. உயிர் இருந்தது. அவளை லொறியில் ஏற்றும்போது, பக்கத்தில் கால் முறிந்து கிடந்த ஒரு பெடியன் சொன்னான். "றோட்டிலை எல்லாரும் ஓடினவையாம். எங்களுக்கு எஞ்சின் சத்தத்திலை பொம்பர் வந்தது கேக்கேல்லை."

அப்பா அதைக் கேட்டார். கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். முதல் அடியில் எஞ்சின் இருமியது. நிற்கும்வரை அடித்தார், நின்ற பிறகும் அடித்தார். முதலாளி புழுதி பூசிய ரையோடு ஓடிவந்து கையைப் பிடிக்க, அவருக்கும் விழுந்தது, வாய் உடைந்தது. அந்த மனிசன் பாவம், அவருடைய மகளும் அந்தக் கல்லுக்குள்தான் கிடந்தாள்.

ஜோசப்பினுக்குக் காது திரும்பக் கேட்கவே இல்லை. வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்பா அவளுடைய முகத்தைப் பார்க்கமாட்டார், குசினிக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார். அவளுக்கு ஒரு வேலையைக் கட்டி வைக்க நினைத்தவர் அவளுடைய காதையே பறித்துவிட்டேன் என்று நினைத்தார். அப்படி அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவள் உடுத்திக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றாள். தன் குரல் தனக்கே கேட்காததால் கத்திக்கொண்டுதான் கதைப்பாள்.

"தியாகலிங்கம் மாஸ்ரரிட்டைப் போகப்போறன். தாளிலை எழுதக் காது தேவையில்லை. கறன்டும் தேவையில்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் கையில் இருந்த தாள்களைப் பிடுங்கினேன். "செவிடி ஒருத்தி ரவுணுக்குப் போய்ப் பொம்பருக்குச் சாகவோ? வீட்டிலை கிட!" அவளுக்குக் கேட்கவில்லையென்றாலும் விளங்கியது. என் கன்னத்தில் அறைந்தாள். நானும் திருப்பி அறைந்தேன். அம்மா இடையில் விழுந்து இரண்டு பேரிடமும் வாங்கினா.

அப்பா எழும்பிப் போய்த் தன் பழைய தொழில் பையைக் கொண்டுவந்தார். அதற்குள் தூண்டிலுக்குப் போடுகிற தடித்த தங்கூசி நூல் உருண்டையாகக் கிடந்தது. தலைப்பை அவளுடைய இடது மணிக்கட்டில் கட்டினார். மற்றத் தலைப்பைத் தன் விரலில் சுற்றினார். ஒருமுறை இழுத்தார். அவள் அழுதுகொண்டு திருப்பி ஒருமுறை இழுத்தாள். மாமா இறந்த பிறகு அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

அன்றிலிருந்து வகுப்பு நாளெல்லாம் அப்பா கார்க் கொட்டிலுக்கு வெளியே, யன்னலுக்குக் கீழே ஒரு கதிரையில் சுருட்டோடு இருந்தார். தங்கூசி யன்னலால் உள்ளே போகும். அவள் உள்ளே தாளில் புரோகிராமை ஓட்டிக்கொண்டிருப்பாள், அவர் வெளியே வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். "இது சாமான் பிளேன். இருங்கோ." "இது ஹெலி, எங்கடை பக்கம் வராது." இரண்டு இழுப்பு என்றால் ஜோசப்பின் எழும்புவாள், அவளைக் கண்டு வகுப்பு முழுக்க எழும்பும். கொஞ்ச நாளில் காது கேட்கிற பிள்ளைகளும் வானத்தைக் கேட்பதை விட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

மாஸ்ரரோடும் சண்டை பிடிப்பார். "மாஸ்ரர், உம்மடை படிப்பு நல்லது. பங்கர் ஆழம் காணாது." பிறகு மண்வெட்டியோடு தானே இறங்கித் தோண்டினார்.

படிப்பு முடிய இருந்த நேரம் அது நடந்தது. பின்னேரம். ஒரு பொம்பர் சுற்றிவிட்டுப் போனது போலிருந்ததாம். மற்றது வெயிலுக்குள் இருந்து இறங்கியது. அப்பா இரண்டுமுறை இழுத்தார். பிள்ளைகள் இறங்கினார்கள், மாஸ்ரர் இறங்கினார், ஜோசப்பின் கடைசியாக இறங்கினாள். பங்கருக்குள் இருந்து அவள் இரண்டுமுறை இழுத்தாள், 'நீங்கள் வாங்கோ' என்று. அவர் ஒருமுறை இழுத்தார். 'இருக்கிறேன்.' அவள் இறங்கி முடியும்வரை அவர் அந்தக் கதிரையை விட்டு எழும்பவேயில்லை. கயிறு பிடிக்கிறவனுடைய சட்டம் அது. அவர் எழும்புமுன் குண்டு விழுந்தது. அந்தச் சட்டத்தின் தலையில் இடி விழ.

நான் போனபோது அப்பாவின் வயிற்றை மாஸ்ரருடைய வேட்டியால் கட்டியிருந்தார்கள். குடல் வேட்டிக்கு வெளியேயும் இருந்தது. தங்கூசி விரலில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அவிழ்க்க ஏலவில்லை, வெட்டித்தான் எடுத்தோம்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் படிப்பு போதும் என்றார்கள். நானும் சொன்னேன், எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஜோசப்பின் கறுப்புச் சட்டையோடு முற்றத்துக்கு வந்தாள். தங்கூசியைப் பல்லால் பிடித்துத் தன் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போட்டாள். மற்றத் தலைப்பு நிலத்தில் இழுபட்டது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் ஏசினேன். அவளை, கொம்பியூட்டரை, பொம்பரை, அந்த யப்பான் எஞ்சினை, அப்பாவை, மேலே இருக்கிறவரைக்கூட ஏசினேன். ஏசி முடித்துவிட்டுக் குனிந்து அந்தத் தலைப்பை எடுத்து என் விரலில் சுற்றிக்கொண்டேன்.

எனக்கு அப்பாவின் காது இல்லை. எது பொம்பர், எது லொறி என்று எனக்குத் தெரியாது. சத்தம் என்று ஒன்று வந்தால் இரண்டுமுறை இழுத்துவிடுவேன். முதல் நாளே வகுப்பு முழுக்கப் பங்கருக்குள் இறங்கியது. ஒழுங்கையால் ஒரு உழவு மெசின் விறகு ஏற்றிக்கொண்டு போனது.

மாஸ்ரர் தலையை வெளியே நீட்டினார். "ஞானசவுந்தரி, உது உழவு மெசின் பிள்ளை."

"இருக்கட்டும் மாஸ்ரர்" என்றேன். "இறங்கி இருங்கோ. நான் இழுக்குமட்டும் ஒருத்தரும் ஏறக்கூடாது."

பங்கருக்குள் இருந்து தங்கூசி ஒருமுறை இழுபட்டது.