காய்க்காத ஜாதிமரம்

கடையநல்லூரில் தோழி பாத்திமா வீட்டுக் கல்யாணம். பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்ததும் ஜாதிபத்திரி வாசனை பந்தலெங்கும் பரவியது. பரிமாறிய தட்டைத் தொடாமல் அந்த வாசனையையே இழுத்துக்கொண்டிருந்தேன்.

என் சின்ன வயதில் அந்த வாசனைதான் எங்களுக்குச் சோறு போட்டது. குற்றாலத்து மலையில் அப்பாவும் அம்மாவும் காட்டு ஜாதிக்காய் பொறுக்கி, கொட்டையைப் போர்த்திய பத்திரியை உரித்து விற்பார்கள். அங்கே திரும்பின பக்கமெல்லாம் வேறு வேறு மரம். ஒரு ஜாதிமரத்தை விட்டால் அடுத்ததைப் பார்க்க மேடு ஏறி இறங்க வேண்டும். நாங்கள் நம்பியிருந்தது ஒரு பெண் மரம். அது காய்க்க மகரந்தம் தந்த, அடுத்த சரிவில் நின்ற ஆண் மரத்தை ஒரு கோடையில் யாரோ வெட்டிவிட்டார்கள்.

மறுவருஷம் எங்கள் மரம் பூத்தது, காய்க்கவில்லை. அதன் அடியில் முந்தின வருஷத்து விதைகள் முளைத்து நெருக்கமாக நின்றன.

"இதுல ஒண்ணாவது ஆண் மரமா வராதா?" என்றாள் அம்மா.

"தாய் மரத்தடியில எது தேறியிருக்கு? எல்லாத்தையும் புழு தின்னுரும்" என்றார் அப்பா. ஆனாலும் பல கன்றுகளைப் பிடுங்கி, தள்ளித் தள்ளி நட்டார். நட்டதைக் காட்டுப்பன்றி கிளறிப்போட்டது. விட்டுவைத்ததைப் புழு தின்றது.

கடைசிக் கன்றும் கருகிய அன்று அம்மா அண்ணாந்து பார்த்தாள். கிளையெல்லாம் மொட்டு.

"இன்னும் பூக்குதே, ஏட்டி. இதுக்கு யாரு போய்ச் சொல்லுவா?" என்றாள் என்னிடம்.

அந்த வருஷமே அப்பா ஆலங்குளத்தில் மூட்டை தூக்கப் போனார். நாங்கள் மறுபடி மலையேறவில்லை. இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

"ஆறுதுல்லா, சாப்பிடு" என்றாள் பாத்திமா. தட்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.