காலை ரிப்பேரில் இருக்கிறது

முதன்முதலில் அவரைப் பார்த்தபோது திருடன் என்றுதான் நினைத்தேன்.

வேலை கிடைத்து, அந்த நான்கு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கிய முதல் வாரம் அது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் சேர்த்துப் பலகை செய்து கதவில் மாட்டியிருந்தேன். ஆனால் பட்டம் வாங்கியும் ஊர்த் தூக்கம் மாறவில்லை. இருட்டு பிரியும் முன்பே விழிப்பு வந்துவிடும். மொட்டை மாடியில் கொஞ்சம் நடக்கலாம் என்று கதவைத் திறந்தால், போர்வையில் எதையோ சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி படிக்கட்டில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார்.

“யாரு?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“பக்கத்து வீடுதான் சார். பயப்படாதீங்க. புள்ளையத் தூக்கிட்டு எவன் திருட வருவான்?”

போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. மூன்று வயதிருக்கும். கண்ணில் மருந்துக்கும் தூக்கமில்லை.

“இந்த மாமா யாருப்பா?”

“கதவுல பேர்ப்பலகை மாட்டிருக்காருல்ல, டிகிரி சார். மெதுவாப் பேசு.”

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எனக்கு அதுவே பெயராகிவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் பழுது பார்ப்பவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கேட்டால், “வேலைய வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதுல்ல சார்” என்பார். அவருக்கு இரண்டாம் ஷிப்ட். ஆபீஸ்களும் கடைகளும் மூடிய பிறகும் வேலை இருக்கும், வீடு திரும்ப நள்ளிரவாகும். அவர் மனைவிக்கு ரொட்டிக் கம்பெனியில் முதல் ஷிப்ட். விடிவதற்கு வெகு முன்பே தெருமுனைக்குக் கம்பெனி வேன் வந்துவிடும். மத்தியானம் அந்த அக்கா படியேறும்போது இவர் படியிறங்குவார். நடுப்படியில் குழந்தை கைமாறும்.

“நான் வர்றப்ப அவ தூங்கிட்டிருப்பா. அவ கிளம்புறப்ப நான் தூங்கிட்டிருப்பேன். ஒருத்தர் தூக்கத்த ஒருத்தர் பாத்துக்கிறதுக்குப் பேருதான் சார் குடும்பம்” என்று ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

குழந்தை முழித்துக்கொண்டுவிடுமே என்று அந்த அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கள்ளி மாதிரி ஓசையில்லாமல்தான் வெளியேறுவார். எவ்வளவு மெதுவாகப் போனாலும் சரி, சற்று நேரத்தில் குழந்தை எழுந்துவிடும். எழுந்ததும் ஓட்டம். வாசல் கதவுக்கு ஒரு ஓட்டம், சமையலறைக்கு ஒரு ஓட்டம், திரும்பவும் வாசலுக்கு. கீழ்வீட்டு டைலர் நள்ளிரவு வரை மிஷினை மிதித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்.

“தலைக்கு மேல குதிரை ஓடுதுய்யா. நீ புள்ள வளக்குறியா, சேவல் வளக்குறியா?” என்று அவர் படிக்கட்டில் நின்று கேட்டதிலிருந்து குழந்தைக்குச் சேவல் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நான் குடிவருவதற்குச் சற்று முன்புதான் விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போயிருந்தது. இந்த மாதத்துக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு இடம் பார்ப்பது அவர்களுக்கு லேசான காரியமில்லை. வேன் வரும் வழியில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்தக் கம்பெனியில் முதல் ஷிப்ட். வீடு போனால் அந்த அக்காவின் வேலையும் போகும். அந்தப் பக்கத்தில் இரண்டு வீடு கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் சின்னக் குழந்தை உண்டா என்பதுதான் முதல் கேள்வி.

அதனால்தான் குழந்தை எழுந்ததும் போர்வையோடு அள்ளிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்துவிடுவார். தரையில் கால் படவிடமாட்டார்.

“இந்நேரத்துக்கு ஊர்ல முழிச்சிருக்கிறது நான் ஒருத்தன்தான்னு தோணும் சார். பேச்சுத் துணைக்கு இது ஒண்ணுதான். இதுவும் கேள்விதான் கேக்கும், பதில் சொல்லாது.”

படித்தவனாயிற்றே என்று என்னிடம் யோசனை கேட்டார். நானும் செல்போனில் தேடிப் படித்துவிட்டு, ராத்திரி லேட்டாகத் தூங்க வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் வந்தார்.

“தூங்குனது லேட்டுதான் சார். எழுந்தது கரெக்ட் டைமுக்கு. நடுவுல எங்க தூக்கம்தான் போச்சு.”

பிறகு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருக்கும்போது, யாரும் ஏறாதபடி கதவில் ‘பழுது’ என்று எழுதிய சிவப்புப் பலகையைத் தொங்கவிடுவார்கள். ஒருமுறை அப்பாவோடு வேலைக்குப் போயிருந்த குழந்தை அதைப் பார்த்திருந்தது. அந்தப் பலகையில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையறைக் கதவில் மாட்டினார்.

“காலை ரிப்பேர்ல இருக்கு பாப்பா. இந்த போர்டு தொங்குற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது.”

“யாரு சரி பண்ணுவா?”

“அப்பாதான்.”

“சீக்கிரம் பண்ணு.”

குழந்தை நம்பிவிட்டது. எழுந்தாலும் கட்டிலை விட்டு இறங்காமல், “சரியாயிடுச்சா? சரியாயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே கிடக்கும். சில நாள் படிக்கட்டு காலியாகவே இருந்தது. மொட்டை மாடிக்குப் போகும்போது எனக்கு என்னவோ போலிருந்தது.

வீட்டுக்காரர் வைத்த கெடு நெருங்கிய சமயத்தில், ஒரு விடியற்காலை, வேனின் ஹாரன் தெருவையே தூக்கியது. ஒருமுறையோடு நிற்கவில்லை. நான் வெளியே வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட்டும் போடாமலும் டைலர் மேலே ஏறி வந்து, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் கதவைத் திறந்தார். திறந்த கதவின் உள்தாழ்ப்பாளில் அந்தச் சிவப்புப் பலகை ஆடிக்கொண்டிருந்தது.

“என்னய்யா நடக்குது இங்க?”

அவர் விலகி நின்றார். கம்பெனிச் சீருடையோடு, தோளில் பையோடு, அந்த அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குழந்தை.

“போர்டு இருக்கப்ப ஏம்ப்பா தொறந்த?” என்று அது அப்பாவைக் கோபித்தது. பிறகு டைலரைப் பார்த்து, “வாசல் ரிப்பேர் மாமா. அம்மா போக முடியாது” என்றது.

அன்று அம்மாவுக்கு முன்னாலேயே எழுந்து, படுக்கையறைப் பலகையைக் கழற்றி, ஸ்டூல் போட்டு ஏறி வாசல் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டதாம்.

“தினம் இதுக்காகத்தான் எழுந்திரிச்சியாடி?” என்று அந்த அக்கா கேட்டார்.

“நான் தூங்குனா நீ போயிடுற.”

டைலர் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். “அந்த வேன்காரன்கிட்ட ஹாரன் அடிக்காதன்னு சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

லிஃப்ட்காரர் குழந்தை பக்கத்தில் குந்தினார்.

“எங்க வேலைல ஒரு சட்டம் இருக்கு பாப்பா. போர்ட யார் மாட்டுனாங்களோ அவங்கதான் எடுக்கணும். வேற ஆள் தொடக் கூடாது. இத நீதான் எடுக்கணும்.”

“எடுத்தா அம்மா போயிடும்.”

“போகும். கீழ போன லிஃப்ட் மேல வராம இருந்திருக்கா?”

“ரிப்பேர் ஆனா வராது.”

“அதுக்குத்தானே அப்பா இருக்கேன்.”

குழந்தை வெகுநேரம் யோசித்துவிட்டு எழுந்து போய்ப் பலகையைக் கழற்றியது. அதற்குள் வேன் போய்விட்டிருந்தது. அந்த அக்கா அன்று வேலைக்குப் போகவில்லை. அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பேசுகிற சத்தத்தை அன்றுதான் முதன்முதலாக என் சுவர் வழியே கேட்டேன். ஆபீசுக்குக் கிளம்பும்வரை என் அறையில் நான் எந்த ஓசையும் செய்யவில்லை.

அதற்குப் பிறகு அந்த அக்கா செருப்பைக் கையில் எடுப்பதை விட்டுவிட்டார். குழந்தையை அவரே எழுப்புவார். முந்தின இரவு குழந்தை வாசலில் மாட்டிய பலகையைக் குழந்தையே கழற்றி, கதவைத் திறந்துவிட்டு, முத்தம் வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிடும். முதலில் சில நாள் அழுகை இருந்தது. பிறகு தூக்கம் வந்தது. மாதக் கடைசியில் வீட்டுக்காரர் வந்து விசாரித்தபோது, “சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. வயசாகுதுல்ல, காது மந்தம்” என்றாராம் டைலர்.

இப்போதும் அவர்கள் அதே மூன்றாம் மாடியில்தான் இருக்கிறார்கள். அந்த அக்காவுக்கு இன்னும் முதல் ஷிப்ட்தான். சேவல் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அம்மா முத்தம் கொடுத்துவிட்டுப் போவது அவளுக்குத் தெரிவதில்லை, பள்ளிக்கூட நேரத்துக்கு இரண்டு பேர் உலுக்கினால்தான் எழுகிறாள். பலகையை இரவில் மாட்டுவதும் காலையில் கழற்றுவதும் அவள் அப்பாதான். மனைவியை அனுப்பிய பிறகு அவருக்குத் தூக்கம் வருவதில்லை. பழைய போர்வையை மடியில் போட்டுக்கொண்டு, விடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.