திட்டு வாங்கிய மைக் ஆட்டோ

சென்ற உள்ளாட்சித் தேர்தலின்போது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு பெண் வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்தில் சமையல் வேலை பார்த்தேன். காலை டீயில் ஆரம்பித்தால், கொடி கட்டப் போனவர்கள் வந்து சாப்பிட்டு முடிக்கும் வரை அடுப்பு அணையாது. ஏழு வயது மகளையும் உடன் அழைத்துப் போவேன். அவளுக்குப் பேச்சு வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள்.

அங்கே அவளுக்குப் பிடித்தது ஒரே ஒரு குரல்தான். ஆட்டோவில் உட்கார்ந்து மைக்கில் ஓட்டுக் கேட்கும் அண்ணனுடையது. தொண்டைக்கு வெந்நீர் கேட்டே அவர் என் உயிரை வாங்குவார். ஊருக்கெல்லாம் கும்பிடு, எனக்கு மட்டும் அதிகாரமா என்று நானும் விடமாட்டேன். அவர் பேசத் தொடங்கினால் போதும், மகள் ஸ்பீக்கர் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள்.

பிரசாரத்தின் கடைசி நாள். மாலையோடு மைக்கை நிறுத்த வேண்டும். பாதி வார்டு பாக்கி இருந்தது. மதியம் சாம்பார் சாதத்தை இறக்கிவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். பக்கத்திலேயே கோயில் குளம். கத்திக்கொண்டே வெளியே ஓடினேன்.

வேட்பாளர் அம்மா ஓட்டுக் கேட்பதை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒருவர் காவல் நிலையத்துக்குப் போனார், சிலர் குளத்துக்கு ஓடினார்கள். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றார் ஒருவர்.

“பேர் சொன்னா அது வராதுபா. நான் எப்பவும் பேசறதையே பேசிக்கினு போறேன்” என்றார் மைக் அண்ணன்.

முனைக்கு முனை மகளின் அடையாளத்தைச் சொன்னார். மற்ற நேரமெல்லாம் அதே ஓட்டுப் பேச்சு. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சந்துகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ஜனங்களுக்கு விஷயம் புரியுமா? பிள்ளையைத் தேடும்போதும் ஓட்டா, வெட்கமாக இல்லையா என்று வீட்டுக்கு வீடு திட்டினார்கள். இருக்கிற ஓட்டும் போய்விடும் என்று கட்சிக்காரர்கள் பதறினார்கள்.

ஆட்டோவின் பின்னாலேயே நடந்து வந்த வேட்பாளர் அம்மா சொன்னார்: “திட்டட்டும்பா. நீ பேசு.”

வந்த தெருவிலேயே மறுபடியும் வந்தோம். குரல் கம்மிப் போயும் மைக் அண்ணன் நிறுத்தவில்லை. ஒரு சாயப்பட்டறைச் சந்தில், காயப்போட்டிருந்த பட்டு நூலை விலக்கிக்கொண்டு என் மகள் வந்தாள். உள்ளே சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நேராகப் போய் ஸ்பீக்கரைத் தொட்டாள். நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அந்த அம்மா நூலிழையில் தோற்றார். அந்தத் தெருக்களில்தான் ஓட்டுக் குறைந்தது என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். அவரோ, முடிவு வந்த அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, “பாப்பா சாப்ட்டாளா?” என்றுதான் கேட்டார்.

என்னால் அவருக்குக் கொடுக்க முடிந்தது ஒரே ஒரு ஓட்டு. என் நன்றி அதில் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.