மெஷின் ஓடட்டும்

செல்வராசு இறந்த செய்தி எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்தது. அவர் வண்டி ஓட்டிய மீன் கம்பெனியின் மேனேஜர் போனில் பேசினார். "பாய், வண்டி சீர்காழி தாண்டி நிக்குது. கூலிங் மெஷின் ஓடிக்கிட்டுதான் இருக்கு. சாயந்திரம் வரைக்கும் லோடு தாங்குமா?" வண்டி ஏன் நிற்கிறது, செல்வராசு எங்கே என்று கேட்டேன். "அவரு நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு ஸ்டியரிங்லயே சாஞ்சிட்டாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அதை விடுங்க பாய், லோடு தாங்குமா?"

அதை விடுங்க என்றார். என் வாயில் இறந்தவருக்கான துஆ வரவில்லை, வசவுதான் வந்தது. இதை எழுதும்போதும் அந்தக் கொதிப்பு அடங்கவில்லை.

காரைக்காலில் குளிர்சாதன லாரிகளின் மெஷினைப் பழுது பார்ப்பது என் தொழில். அப்படித்தான் மண்டபத்தூர் செல்வராசு எனக்குப் பழக்கம். மறுநாள் அவர் வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கம்பெனி முதலாளி வைத்த பேனரைப் பார்த்தேன். 'எல்லோரிடமும் அனுசரித்துப் போன அன்பு உள்ளம்' என்று போட்டிருந்தது. அவரை அறிந்தவர்களே, நீங்களே சொல்லுங்கள், செல்வராசு யாரிடம் அனுசரித்துப் போனார்? என்னிடம்கூட இல்லை. வண்டியைச் சரிசெய்து கொடுத்தால் பட்டப்பகலில் குளிர்ப் பெட்டிக்குள் ஏறி நின்றுகொண்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தச் சொல்வார். கதவு ரப்பர் வழியே ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தால் போதும். "பாய், இது வண்டியா, சல்லடையாங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். நானும் கத்துவேன். பிறகு ரப்பரை மாற்றுவேன்.

இந்த லாரியைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு. எதை ஏற்றினாலும் அது குளிர வைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். வெயிலில் கிடந்த மீனை அப்படியே கொண்டுவந்து நீட்டுவார்கள். "இது ஐஸ் ஃபேக்டரி இல்லைங்க. குளிர்ந்ததைக் கொடுத்தா குளிராவே கொண்டுபோய்ச் சேர்ப்பேன், அவ்வளவுதான்" என்று செல்வராசு திருப்பி அனுப்புவார். அவர் சொன்னதுதான் சரி. அந்த மெஷின் பெட்டிக்குள் நுழையும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது. தடித்த சுவர்கள் புதுச் சூட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கின்றன. இறாலோ, ஐஸ்கிரீமோ, தடுப்பூசி மருந்தோ, எதற்கும் இதே கதைதான். பெட்டியை முன்கூட்டியே குளிர வைக்க வேண்டும், சரக்கைச் சுற்றிக் காற்று போய்வர இடம் விட வேண்டும். கூரை வரை அடுக்கிய லோடை அவர் எத்தனை முறை இறக்க வைத்திருக்கிறார் என்று லோடு ஏற்றுகிறவர்களைக் கேளுங்கள். இன்னும் திட்டுவார்கள்.

மெஷின் நிற்கவே கூடாது என்பதுதான் அவருக்கு எல்லாவற்றிலும் பெரிது. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால், சத்தம் தாங்காமல் யாராவது அணைக்கச் சொல்வார்கள். "ஓடட்டும்" என்பார். அதற்கு மேல் ஒரு பேச்சும் இருக்காது.

முதலாளிக்கோ டீசல் கணக்கு. புறப்பட்டதும் மெஷினை அணைத்துவிட்டு, இடம் நெருங்கும்போது மறுபடி போடச் சொல்வார். மற்ற டிரைவர்கள் அப்படியே செய்தார்கள். செல்வராசு அணைக்கவே மாட்டார். அவர்களைப் பிடிப்பதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, நிமிர்த்தி வைத்து உறைய வைப்பார். அடியில் உறைந்த அந்தப் பாட்டிலைப் பெட்டிகளுக்கு நடுவே படுக்கப் போடுவார். வழியில் பனிக்கட்டி உருகி மறுபடி உறைந்தால், பாட்டிலின் பக்கவாட்டில் நீளமாக உறைந்து கிடக்கும்; நடுவில் மெஷினை அணைத்தது தெரிந்துவிடும்.

ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது வேறொருவர் ஓட்டிப் போன இறால் லோடு, வாங்குகிறவர் கடையைச் சாத்திவிட்டதால் அப்படியே திரும்பி வந்தது. உள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அதை அனுப்பப் பார்த்தார் முதலாளி. காய்ச்சலோடு எழுந்து வந்த செல்வராசு, படுப்பதற்கு முன்பே லோடுக்குள் தான் போட்டு வைத்த பாட்டிலை உள்ளிருந்து எடுத்தார். பனிக்கட்டி பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. நானும் அங்கே இருந்தேன்.

"மீட்டர்ல மைனஸ் பதினெட்டு காட்டுதுல்ல? அப்புறம் என்னய்யா?" என்றார் முதலாளி.

"மீட்டரு இப்ப உள்ள குளிரைத்தாங்க சொல்லும். நேத்து நடந்ததைச் சொல்லாது. கல்யாணத்துல புள்ளைங்க சாப்பிடுமுங்க."

"நீ டிரைவர். ஓட்டுற வேலையை மட்டும் பாரு."

செல்வராசு டீசல் கேனைத் தூக்கி வந்தார். "இதைத்தானே மிச்சம் புடிச்சீங்க? இந்தாங்க" என்று பெட்டிகளைத் திறந்து இறால் மேலேயே ஊற்றினார். கல்யாண வீட்டில் அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால்தான் அவருக்கு நன்றி சொல்லவும் ஒருவரும் இல்லை. பல மாதம் அவருக்கு வண்டி தரவில்லை. படகில் கூலிக்குப் போனார். சென்னையில் வாங்குகிறவர்கள் செல்வராசு ஓட்டி வந்தால்தான் சரக்கு எடுப்போம் என்று சொன்ன பிறகே திரும்பக் கூப்பிட்டார்கள். அனுசரித்துப் போனவராம்!

நான் வீட்டுக்குப் போனபோது, அவர் மகன் மஸ்கட்டிலிருந்து வர வேண்டும் என்பதற்காக உடலை வாடகை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தார்கள். முதலாளி ஆளுயர மாலையோடு வந்தார். மைக் வைத்திருந்தார்கள். "செல்வராசு எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்று தொடங்கியவருக்குப் பெட்டியின் இரைச்சல் இடைஞ்சலாக இருந்தது. "இதைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணுங்கப்பா. பேசுறது கேக்க மாட்டேங்குது" என்றார். ஒருவர் சுவிட்சுக்குக் கை நீட்டவும் செய்தார். நான் எழுந்து தடுப்பதற்குள், காலையிலிருந்து பெட்டியருகே உட்கார்ந்திருந்த அவர் மனைவி மல்லிகா நிமிர்ந்து பார்த்தார்.

"அது ஓடட்டும். மைக்கை ஆஃப் பண்ணுங்க."

மைக் அணைந்தது. முதலாளி மாலையை வைத்துவிட்டுப் போனார். மகன் வந்து சேரும்வரை அந்த இரைச்சல் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

அவருடைய பாட்டில் ஒன்று என் கடையில் கிடக்கிறது. வேண்டுமென்றால் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பயன்படும். நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. அந்தக் கோபம் சத்தமாக இருக்கிறது, அணையுங்கள் என்று இப்போதே சிலர் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஓடட்டும்.