பதினெட்டு வருஷம் மாற்றாத கம்பி

என் தங்கை புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நடுவில் நான் அவனைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லும்போது, பாசத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவீர்கள். பதினெட்டு வருஷமாக எங்கள் ஹெவி மெட்டல் குழுவில் நான் டிரம்ஸ், அவன் பேஸ் கிட்டார். ஒத்திகைக்கு வந்தவன் அப்படியே வீட்டுக்குள்ளும் வந்து, என் தங்கையைக் கட்டிக்கொண்டு, எனக்கு மாப்பிள்ளையும் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துச் சகித்த மூஞ்சியை மற்ற நாளும் பார்க்க வேண்டியதாயிற்று.

தொழில், லிஃப்ட் மெக்கானிக். அதனால் பேரும் லிஃப்ட்டு. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொன்னால் அவனே திரும்பிப் பார்ப்பானா என்பது சந்தேகம். பேச்சு கிடையாது, சிரிப்பு கிடையாது. கைதட்டினால்கூட, ஏதோ பழுதுச் சத்தம் கேட்டது போல நெற்றியைச் சுருக்குவான். மேடையில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, என் பெரிய டிரம்மை ஒட்டி நின்று, என் கைகளையே முறைப்பான். கூட்டம் பார்த்ததெல்லாம் அவன் சட்டையின் முதுகில் இருந்த கிரீஸ் கறையைத்தான்.

அவனுடைய பேஸும் அவனைப் போலத்தான். மூடிப்போன ஓட்டல் ஒன்றின் இசைக்குழு கழித்துப் போட்டதை வாங்கினான். கறுப்புப் பெயிண்ட் பாதி உரிந்திருக்கும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உடைந்தபோது, பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய '3' என்று போட்ட பொத்தானை அந்த இடத்தில் பொருத்திக்கொண்டான். தோளில் மாட்டும் வார், வேலையில் இடுப்பில் கட்டும் பாதுகாப்பு பெல்ட். ஒலிபெருக்கிப் பெட்டியையும் கழித்துப் போட்ட லிஃப்டின் பலகையை அறுத்து அவனே செய்தான். 'ஆறு பேர் மட்டும்' என்ற எழுத்து அதன் மேல் அப்படியே இருந்தது.

நாலு கம்பி. பதினெட்டு வருஷத்தில் ஒன்றைக்கூட மாற்றியதில்லை. மற்றவர்கள் மாசத்துக்கு ஒரு முறை மாற்றுவார்கள். புதுக் கம்பி கணீரென்று பேசும். இவனுடையதோ விரல் அழுக்கும் வேர்வையும் ஏறிக் கறுத்துப்போய், தொட்டால் 'தொம்'மென்று மட்டும் சொல்லும். காதில் கேட்பதை விட வயிற்றில்தான் அதிகம் கேட்கும். எல்லாக் கம்பியையும் தளர்த்தி, சுருதியை அடியோடு இறக்கி வைத்திருந்தான். பிளாஸ்டிக் துண்டால் மீட்ட மாட்டான். விரல்தான். அதுவும் அடிக்கு ஒரு நூல் தள்ளித்தான் விரல் இறங்கும்.

"லேட்டா வர்ற" என்பேன் நான்.

"வலது கை முந்துது" என்பான் அவன்.

என் வலது கையைத்தான் சொல்கிறான். பதினெட்டு வருஷமாக எங்களுக்குள் நடந்த இசை விவாதம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியம்தான். குளியலறைச் சாமான் விற்கிற என் கடையின் பின்னால் உள்ள கிடங்கில், வாஷ்பேசின்களுக்கும் டாய்லெட் கோப்பைகளுக்கும் நடுவே நாங்கள் ஒத்திகை பார்ப்போம். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதே வாக்கியம். சமயத்தில் கையில் இருக்கும் குச்சியை அவன் மண்டையில் போடலாமா என்று இருக்கும்.

போன வருஷம் அவன் இடது கை மோதிர விரல் கெட்டுப்போனது. எப்போதோ கதவுக்கு நடுவில் மாட்டிய விரல், நாளாக நாளாக வீங்கி, ஸ்பானரைப் பிடிக்க முடியாதபடி வலித்தது. ஆபரேஷன் செய்து விரல் மூட்டை அசையாமல் பூட்டிவிட்டால் வலி போகும், மடக்குவதும் அதோடு போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் வேலைக்கு அந்த விரல் மடங்காவிட்டாலும் பாதகமில்லை. பேஸுக்கு அது மடங்கியே ஆக வேண்டும்.

அதற்குள் எங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துவிடுவதென்று முடிவானது. தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, இனிமே அவரால வாசிக்க முடியாது. இந்த எட்டுப் பாட்டுலயாவது அவர் வாசிச்சது இருக்கட்டும். நீ பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை மறைக்கவில்லை.

ஒலிப்பதிவு செய்தது ஐம்பது வயது அம்மா ஒருவர். கறார் பேர்வழி. தாளம் பிசகாமல் இருக்கக் காதில் டிக் டிக்கென்று அடிக்கும் கிளிக் போடட்டுமா என்று கேட்டார். எனக்கு எதற்கு அது என்றேன். நானும் லிஃப்ட்டும் சேர்ந்து உட்கார்ந்து எட்டுப் பாட்டையும் நாலு நாளில் முடித்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் அப்புறம் அவன் கையை ஐஸ் வாளிக்குள் விட்டுக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருப்பான். ஒரு முறைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. அந்த வீம்பும் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் பேஸை அங்கேயே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

அவன் தலை மறைந்ததும் கிட்டார்காரன் ஆரம்பித்தான். எங்கள் குழுவின் தலைவன் என்று அவனே சொல்லிக்கொள்வான். "பேஸ் மண்மூட்டை மாதிரி இருக்கு, அதுவும் லேட்டு. நானே வாசிச்சுடறேன். பழசை அழிச்சுடலாம். இருந்தா அவன் வந்து சண்டைக்கு நிப்பான்."

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றுவதானாலும் கை தூக்க வேண்டும். பாடகன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மேடையில் கட்டடம் அதிரக் கத்துபவன், கீழே இறங்கினால் பூனை. அவன் கையைத் தூக்காமல் பையில் விட்டுக்கொண்டான். கிட்டார்காரன் தூக்கினான். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷமாகக் கேட்ட அந்த ஒரே வாக்கியம் காதில் ஒலித்தது. தூக்கிவிட்டேன். ஒலிப்பதிவுக்கார அம்மா மூன்று தடவை கேட்டார், நிச்சயமா என்று. மூன்று தடவையும் தலையாட்டினோம். அழித்தார்.

கிட்டார்காரன் லிஃப்ட்டுடைய பேஸையே எடுத்து, கறுத்த கம்பி நாலையும் வெட்டிக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு, பளபளவென்று புதுசு மாட்டி, பிளாஸ்டிக் துண்டால் மூன்று நாள் வாசித்தான். ஒரு அடி பிசகவில்லை. நாலாம் நாள் எல்லாரும் உட்கார்ந்து கேட்டோம்.

என் டிரம்ஸ், படிக்கட்டில் உருண்டு விழும் வாளி போல இருந்தது.

நான் வாளி விற்பவன், எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரி முடியும்போதும் அடிகளெல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. "இது நான் அடிச்சதில்ல" என்றேன்.

"நீங்க அடிச்சதுதான், தொடக்கூட இல்ல" என்றார் அந்த அம்மா. "ஒவ்வொரு சுற்றுலயும் உங்க வலது கை முந்துது. அவர் ஒரு நூல் பின்னாடி நின்னு உங்களை இழுத்துப் பிடிச்சிருக்காரு. ரெண்டும் சேர்ந்தப்ப சரியா இருந்துச்சு. அது தெரிஞ்சு சொல்றீங்கன்னுதான் நெனச்சேன்."

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். கிட்டார்காரன் மட்டும், "உன் மாப்பிள்ளைதானே, மறுபடி வாசிக்க முடியுமான்னு நீயே போய்க் கேளு" என்றான். வெட்கம் கெட்டவன். அதைக் கேட்டு நிஜமாகவே கிளம்பிய நான் அவனைவிடக் கெட்டவன்.

பேஸைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் முடிந்து நாலு நாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு சமையலறை மேசை முன் உட்கார்ந்திருந்தான். "பாட்டு கொண்டாந்திருக்கியா அண்ணா?" என்று தங்கை கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சை விட்டுவிட்டு, பேஸ் இருந்த பெட்டியை மேசை மேல் வைத்தேன்.

அவன் ஒற்றைக் கையால் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டான். நாலு கம்பியும் விளக்கு வெளிச்சத்தில் மின்னின.

குனிந்து பார்த்தான். தொடவில்லை.

"பழசு எங்க?"

"தூக்கிப் போட்டாச்சு."

"நான் வாசிச்சது?"

நான் தரையைப் பார்த்தேன். தங்கை என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணா, அவர் கேக்கறார்ல" என்றாள்.

"அழிச்சாச்சு."

"கை தூக்கினீங்களா?" என்றான்.

"ம்."

"நீயும்?"

"நானுந்தான்."

"எந்தக் கை?"

சின்னப் பையனைப் போல வலது கையைக் காட்டினேன். பழுதான பாகத்தைப் பார்ப்பது போல அதை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது முந்தும்னு சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்" என்றான். குரலை உயர்த்தவேயில்லை. நல்ல கையால் அந்த '3' போட்ட பொத்தானை மட்டும் திருகிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை என் பக்கம் தள்ளினான். "இதை எடுத்துட்டுப் போ மச்சான். இது என்னுது இல்ல."

மறுபடி வாசிப்பாயா என்று நான் கேட்கவே இல்லை. தங்கை வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியே போகும்வரை என் முகத்தை அவள் பார்க்கவில்லை, அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

காதில் கிளிக்கை மாட்டிக்கொண்டு எட்டுப் பாட்டையும் திரும்ப அடித்தேன். ஆல்பம் வெளிவந்தது. எல்லா அடியும் சரியாக இருக்கிறது. இரண்டாவது பாட்டுக்கு மேல் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிடங்கில் தனியாக உட்கார்ந்து அடிக்கிறேன். பக்கத்தில் 'ஆறு பேர் மட்டும்' பெட்டி இன்னும் இருக்கிறது, அவன் வந்து எடுத்துப் போகவில்லை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கையை நிறுத்திக் கொஞ்சம் காத்திருக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.