வளையம் பூட்டிய கைகளைப் பற்றி ஒரு திருத்தம்

குணசீலன் அண்ணை இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலாவது, வியாழக்கிழமை காலையில் அவருடைய மகள் தாரணியின் தொலைபேசி அழைப்பு. "மாமா, அப்பா போயிட்டார். பட்டறையிலை, கதிரையிலை இருந்தபடியே. இதயம் எண்டு டொக்டர் சொல்லுறார்" என்றாள். இரண்டாவது, அன்று மதியம் எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கம் எல்லோருடைய கைபேசிக்கும் அனுப்பிய கண்ணீர் அஞ்சலி. படம், பிறந்த ஊர், இறந்த நாள், அவற்றின் கீழே ஒரு வாக்கியம்: "தாயக மண்ணில் படைக்கலங்கள் செய்து கொடுத்த கைகள் ஓய்ந்தன."

முதற் செய்தி உண்மை. இரண்டாவதில் உள்ள வாக்கியம் பொய். புதிய பொய்யும் அல்ல. அவர் உயிரோடிருந்தபோதே ஒரு முறை அச்சேறி, அவருடைய பட்டறையை ஏழு மாதங்கள் பூட்டி வைத்த பொய். அந்தப் பட்டறையைத் தொடர்ந்து நடத்துவதற்கு இப்போது தாரணி விண்ணப்பித்திருக்கிறாள். வேறொரு நகரத்தில் துப்பாக்கி திருத்தும் தொழிலில் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியை முடித்து, தனிப் பட்டறை நடத்தத் தகுதி தரும் மைஸ்டர் தேர்விலும் தேறியவள் அவள். அவளுடைய விண்ணப்பத்தைப் படிக்கப் போவது, தகப்பனின் உரிமத்தை நிறுத்திவைத்த அதே துப்பாக்கி உரிம அலுவலகம். முப்பத்தோராம் நாளில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். "அப்பாவைப் பெரிசாக்க வேண்டாம் மாமா. உள்ளதை எழுதுங்கோ, அது காணும்."

உள்ளது இது. யாழ்ப்பாணத்தில் அவர் வீதியோரப் பட்டறை ஒன்றில் தோட்டக் கிணறுகளின் வாட்டர் பம்புகளைத் திருத்தியவர். இருபத்தைந்தாவது வயதில் ஜேர்மனியில் டோர்ட்மண்டுக்கு வந்தார். உணவகத்தில் கோப்பை கழுவிய காலத்தில், முதலாளியின் நண்பரான, துப்பாக்கி திருத்தும் ஒருவரின் தோட்டத்துப் பம்பைத் திருத்திக் கொடுத்தார். மறுவாரம் அந்த ஜேர்மனியர் அவரைத் தம் பட்டறைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து அவுஸ்பில்டுங், பிறகு மைஸ்டர் பட்டம், பிறகு சொந்தப் பட்டறை. வேட்டைக்காரர்களும் குறிசுடும் கழகத்தினரும் அவரிடம் வந்தார்கள். நம்மவர்கள் அவரைத் 'துவக்குக்காரர்' என்றார்கள். ஒரு கல்யாண வீட்டில், "அண்ணைக்குப் பக்கத்திலை இருந்தால் பொலிஸ் வரும்" என்று யாரோ சீண்டியபோது, "வருவினம் தம்பி. அரைவாசிப் பேர் என்ரை வாடிக்கையாளர்தானே" என்று சொல்லிவிட்டு வடையைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன். அவருடைய பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்ததில் தொடங்கியது எங்கள் பழக்கம். அவர் இறப்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஒரு நாள் நான் பட்டறையில் இருந்தபோது, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர் தம் துப்பாக்கியுடன் வந்தார். நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும், பழைய அமெரிக்கப் பாணித் துப்பாக்கி. அதற்கு ஒரு சேண வளையம் பூட்ட வேண்டும் என்றார். குதிரைச் சேணத்தில் இருப்பவன் துப்பாக்கியை வாரில் கொளுவிக்கொள்வதற்காக, அக்காலத்தில் அதன் இடப்பக்க உலோகத்தில் ஒரு தண்டை இறக்கி, அதில் ஒரு இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டிருப்பார்கள். கழகத்தில் மற்றவர்களுடையதில் அது இருக்கிறதாம், இவருடையதில் இல்லையாம்.

"குதிரை எங்கே?" என்று அண்ணை ஜேர்மன் மொழியில் கேட்டார்.

"சைக்கிள் இருக்கிறது" என்றார் டிராம் ஓட்டுநர்.

அண்ணை சிரிக்கவில்லை. வளையம் ஆடும், ஒலி எழுப்பும், காலப்போக்கில் உலோகத்தில் கீறல் போடும், துப்பாக்கி சுடுவதில் எந்த வித்தியாசமும் இராது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உலோகத்தில் துளை போடலாமா, மறுசோதனை தேவையா என்று உரிய அலுவலகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்றும் சொன்னார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, "இருந்தாலும் வேண்டும்" என்றார். அவர் போன பின் அண்ணை என்னிடம் சொன்னார்: "போட்ட துளையைப் பிறகு எடுக்க ஏலாது தம்பி. அதுதான் மூன்று தரம் கேட்கிறனான். அலங்காரம் எண்டாலும், ஒரு மனிசன் குதிரையிலை ஏறித் தொங்கவிட்டால் தாங்கத்தான் வேணும்."

அலுவலகத்தின் சம்மதம் வந்து, துளை போடப்பட்ட வாரத்தில்தான் சங்கத்தின் ஆண்டு விழா நடந்தது. அண்ணையை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். சிறப்பு மலரில் அவரைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்தையே பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்தார்கள். "தாயக மண்ணில் படைக்கலங்கள் செய்து கொடுத்த கைகள் இன்று ஜேர்மானியரின் துப்பாக்கிகளைச் சீர்செய்கின்றன" என்பது அதன் நடு வாக்கியம். எழுதியவர் சங்கச் செயலாளர். அண்ணை அதை வாசிக்கவில்லை. தம்மைப் பற்றிய புகழுரைகளை அவர் வாசிப்பதில்லை. கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

மூன்று வாரம் கழித்து, துப்பாக்கிகள் முறைப்படி பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வழக்கமான சோதனை. பெட்டகங்களில் குறை ஒன்றும் இல்லை. போகும் வழியில் சுவரைப் பார்த்து, "அழகான எழுத்து, இது என்ன?" என்று கேட்டார். "அன்பளிப்பு" என்றார் அண்ணை. வந்தவர் கைபேசியை அதன்மேல் பிடித்தார். கைபேசி அவருக்கு அதை ஜேர்மன் மொழியில் காட்டியது. அவர் மறுபடியும் ஒரு முறை பிடித்துப் பார்த்தார். பின்னர் படம் எடுத்துக்கொண்டு, கைகொடுத்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. நம்பகத்தன்மை குறித்து ஐயம் எழுந்திருப்பதால் விசாரணை முடியும்வரை உரிமம் நிறுத்தப்படுகிறது; பட்டறையிலுள்ள துப்பாக்கிகள் உரிமமுள்ள வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்; குறித்த பக்கத்தின் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு தேவை. டிராம் ஓட்டுநரின் துப்பாக்கியும் வளையமில்லாத துளையுடன் வேறொரு பட்டறைக்குப் போனது. அங்கேயே வேலையை முடித்துத் தருவதாகச் சொன்னார்களாம். அவர் மறுத்து, அண்ணைக்கு ஒரு அட்டை அனுப்பினார்: "நான் காத்திருக்கிறேன். குதிரையும் காத்திருக்கும்."

மொழிபெயர்ப்பு என்னிடம் வந்தது. அந்த வாக்கியத்தைச் சற்று மழுப்பலாமா என்று நான் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அண்ணை தொலைபேசியில் தடுத்தார். "உள்ளபடி எழுதுங்கோ தம்பி. எழுதினது பொய்தான். அதுக்காக மொழிபெயர்ப்பும் பொய்யாக இருக்கக் கூடாது." உள்ளபடி எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன்.

இந்த வாக்கியம் உண்மையல்ல, மரியாதைக்காக எழுதப்பட்டது என்று செயலாளர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டால் வேலை முடிந்துவிடும் என்று வழக்கறிஞர் சொன்னார். நானும் அண்ணையும் செயலாளரின் வீட்டுக்குப் போனோம். தேநீர் தந்தார்.

"அண்ணை, அப்பிடிக் கையெழுத்து வைச்சால் சங்கத்தின்ரை மானம் என்னாகிறது? மலரிலை பொய் எழுதினம் எண்டு நாங்களே ஒப்புக்கொள்ளுறதோ?"

"எழுதினீங்கள்தானே" என்றேன்.

"அது ஒரு பேச்சுக்கு எழுதினது. ஆர் அதையெல்லாம் நம்பிறது? நீங்கள் பயப்பிடாதேங்கோ. ஒரு கூட்டம் வைச்சு, அண்ணைக்கு ஆதரவாத் தீர்மானம் போடுவம்."

அண்ணை தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தார். "தீர்மானத்தோடை இன்னொரு பொன்னாடையும் போடுவியளோ?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் பேசியது அவ்வளவுதான். கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. தீர்மானம் நிறைவேறியது. அதிலும் அவரைப் 'போர்க்கலை வல்லுநர்' என்று எழுதியிருந்தார்கள். அதை நான் வழக்கறிஞரிடம் கொடுக்கவில்லை.

விசாரணைக்கு நேரில் போவதற்கான டெர்மின், முன்பதிவு நாள், ஆறாம் மாதத்தில் கிடைத்தது. அலுவலகப் பெண்மணி கண்ணியமானவர். கோப்பைப் புரட்டிவிட்டு, அவருக்கு உண்மையிலேயே விளங்காத ஒன்றைக் கேட்டார்: உங்களைக் கௌரவிக்க விரும்பியவர்கள், உங்களுக்குத் தீங்கு தரக்கூடிய ஒரு பொய்யை எதற்காக எழுத வேண்டும்? அண்ணைக்கு ஜேர்மன் மொழி நன்றாக வரும். ஆயினும் அந்தக் கேள்விக்கு மட்டும் என் பக்கம் திரும்பித் தமிழில் பதில் சொன்னார். "என்ரை வேலை அவைக்குக் காணாது எண்டு சொல்லுங்கோ." அவர்களுக்கு என் வேலை போதவில்லை என்று மொழிபெயர்த்தேன். அப்படியானால் அதை ஏன் சுவரில் மாட்டினீர்கள் என்று அடுத்துக் கேட்டார். அதற்கு அண்ணை நேரே பதில் சொன்னார்: "எங்கள் ஆட்கள் வந்தால் சுவரைத்தான் முதலில் பார்ப்பார்கள். அங்கே அது இல்லாவிட்டால் கோபிப்பார்கள்." அந்தப் பெண்மணி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அவரைக் காப்பாற்றியது ஒரு பழைய தாள். அகதியாக வந்தபோது அவரிடம் எடுத்த வாக்குமூலத்தின் பதிவை அவர் பத்திரமாக வைத்திருந்தார். தொழில்: நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவர். ஆயுதங்களோடு தொடர்பு உண்டா: இல்லை. வேலை செய்த பட்டறையின் உரிமையாளர் பெயர்வரை அதில் இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு முன், எவரும் எவரையும் புகழ வேண்டிய தேவையில்லாத ஓர் அறையில், ஓர் அந்நியர் தட்டச்சு செய்த தாள். அந்தத் தாளில் குணசீலன் உள்ளபடி இருந்தார். நம்முடைய மலரில் இல்லை. ஏழாம் மாதம் உரிமம் திரும்பக் கிடைத்தது.

அந்த வாரம் பட்டறைக்குப் போனேன். டிராம் ஓட்டுநரின் துப்பாக்கி மேசையில் இருந்தது. அண்ணை தண்டை இறக்கி, உட்புறத்தில் அது மயிரளவும் துருத்தாதபடி தேய்த்து, நெம்புகோலை மெதுவாக இயக்கிக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கேயாவது உரசினால் முதலில் காதுக்குத்தான் தெரியும் என்றார். சுவரில் அந்தச் சட்டம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அப்போதுதான் நான் சொன்னேன். சிறப்பு மலருக்கு மெய்ப்புப் பார்த்தவன் நான். அவருடைய பக்கத்தில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். நடு வாக்கியத்தை வாசித்தேன், அது பொய் என்று அறிவேன், எல்லா மலர்களிலும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அவர் நெம்புகோலிலிருந்து கையை எடுக்கவில்லை. "அதுதானே பார்த்தன்" என்றார். "பொய்யெண்டாலும் ஒரு எழுத்துப்பிழை இல்லை."

பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை. ஆறு வாரத்தில் இறந்தார்.

கண்ணீர் அஞ்சலி வந்த அன்று மாலை நான் செயலாளரை அழைத்தேன். அந்த வாக்கியத்தை எடுக்கச் சொன்னேன். "அண்ணை, செத்த மனிசனுக்கு ஒரு மரியாதை. இனி அவருக்கு என்ன நட்டம்?" என்றார். மகள் இருக்கிறாள் என்றேன். அவர் கேட்டார்: "அப்ப என்னத்தைத்தான் எழுதிறது? வாட்டர் பம்ப் திருத்தினவர் எண்டோ?"

"ஓம்" என்றேன்.

இதை எழுதும்வரை அது எடுக்கப்படவில்லை. இந்தக் கல்வெட்டு மண்டபத்தில் எல்லோருக்கும் வழங்கப்படும். செயலாளருக்கும் ஒரு பிரதி கிடைக்கும். உங்களிடம் நான் கேட்பது கண்ணீரல்ல. சிறப்பு மலர் உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்து, அந்த வாக்கியத்தை மையால் வெட்டுங்கள். கைபேசியில் வந்ததை எவருக்கும் அனுப்பாதீர்கள். தாரணியிடம் கைகொடுக்கும்போது 'வீரத்தின் வாரிசு' என்று சொல்லாதீர்கள். சிலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

நான் வைத்திருப்பது ஒரு வேலை அட்டையின் பிரதி. பட்டறையை ஒழுங்குபடுத்தியபோது தாரணி எடுத்துத் தந்தாள். ஒவ்வொரு வேலைக்கும் அவர் தம் கையால் ஓர் அட்டை எழுதிக் கோவையில் வைத்திருக்கிறார். இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு அது தெரியாது. டிராம் ஓட்டுநரின் துப்பாக்கிக்கு எழுதிய அட்டையை மொழிபெயர்க்கிறேன். செய்தது: இடப்பக்கத்தில் துளை, தண்டு, வளையம், உட்புறம் சமன். செய்யாதது: குழல், குறிமுள், மரக்கட்டை, தொடவில்லை. இரண்டாவது வரி எதற்கு என்று கேட்டேன். "பின்னாலை ஆராவது கை வைச்சிட்டு, குணசீலன்தான் செய்தவர் எண்டு சொல்லக் கூடாதாம்" என்றாள்.

அவருடைய அட்டையை நான் முடித்து வைக்கிறேன். முத்திரை குத்த எனக்கு அதிகாரம் உள்ள மொழியில் அல்ல, நீங்கள் எல்லோரும் வாசிக்கும் மொழியில். செய்தது: கிணற்றுப் பம்புகள் திருத்தினார், பிறருடைய துப்பாக்கிகள் திருத்தினார், ஒரு மகளை வளர்த்தார். செய்யாதது: எந்த மண்ணிலும், எவருக்கும், எந்நாளும் அவர் ஆயுதம் செய்து கொடுக்கவில்லை.